28 மிமீ லென்ஸில் ஓரம் கலங்குவது உங்கள் தவறில்லை

வணக்கம். லைக்கா எம்6 ஃபிலிம் கேமராவை விட்டு சோனி ஏ7 மார்க் 3 டிஜிட்டல் கேமராவுக்கு மாறியிருக்கிறீர்கள். பழைய லைக்கா லென்ஸ்களை அடாப்டர் என்ற இணைப்பு வளையம் போட்டு மாட்டினால் 50 மிமீ அருமை, 28 மிமீ மட்டும் ஓரங்களில் கலங்குகிறது, ஃபோகஸும் தவறுகிறது என்கிறீர்கள்.

லென்ஸ் கெட்டுப்போகவில்லை. எம்6 போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களுக்கான வைடு லென்ஸின் (28 மிமீ போல அகலக் காட்சி தருவது) பின்கண்ணாடி பெரும்பாலும் ஃபிலிமுக்கு மிக அருகில் நிற்கும். ஓரத்துக்குப் போகும் ஒளி நன்றாகச் சாய்ந்து விழும். ஃபிலிமுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. டிஜிட்டலிலோ சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தகடு உண்டு. சாய்ந்த ஒளி அதில் விலகிப் போகிறது. லைக்காவின் டிஜிட்டல் எம் கேமராக்களில் இந்தத் தகடு மெல்லியது, சோனியில் தடிமன். லென்ஸின் திறப்பைச் சுருக்கி எஃப்/8, எஃப்/11 வைத்தால் கலங்கல் குறையும், முழுக்கப் போகாது. அதனால் 28-க்கு மட்டும் சோனி மவுண்ட்டுக்கென்றே (கேமராவில் லென்ஸ் பொருந்தும் வளையம்) செய்த லென்ஸ் வாங்குங்கள். 50-ஐ மட்டும் தயவுசெய்து விற்றுவிடாதீர்கள்!

சரி, ஃபோகஸ். லென்ஸை முழுக்கத் திறந்து வைத்திருக்கும்போது பீக்கிங்கின் (ஃபோகஸான இடத்தைத் திரையில் நிறத்தால் காட்டும் வசதி) நிற விளிம்பை நம்பாதீர்கள்; காட்சியைப் பெரிதாக்கும் வசதியை ஒரு பட்டனில் வைத்துக்கொண்டு கண்ணால் பாருங்கள். தெருவில் லென்ஸின் தூர அளவைப் பார்த்தே எடுத்துப் பழகியவர் என்றால் ஒரு எச்சரிக்கை: மவுண்ட்டிலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரையான தூரம் லைக்கா எம்-இல் 27.8 மிமீ, சோனியில் 18. அடாப்டர் சரியாக 9.8 மிமீ இருக்க வேண்டும். மலிவானவை பல ஒரு மயிரிழை மெலிந்திருக்கும், அளவுக்கோடு பொய் சொல்லும்.

அப்புறம், நடுக்கம் தடுக்கும் வசதிக்கு லென்ஸின் மிமீ அளவை மெனுவில் நீங்களே கொடுக்க வேண்டும்.