ஜாவாஸ்கிரிப்டில் ஒரு தேதியோடு 30 நாள் கூட்டுவது எப்படி?

கூட்டல் குறி போட்டால் தேதிக்குப் பின்னால் 30 ஒட்டிக்கொள்கிறது, கழித்தல் குறி போட்டால் நீளமாக ஓர் எண் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் தேதியை வைத்திருக்கும் டேட்டுக்குள் இருப்பது ஒரே ஓர் எண்தான்: 1970 ஜனவரி 1, யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவிலிருந்து கடந்த மில்லிசெகண்டுகள். கூட்டல் வந்தால் ஜாவாஸ்கிரிப்ட் தேதியை எழுத்துச்சரமாக எடுத்துக்கொள்ளும், கழித்தல் வந்தால் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளும்.

நீங்கள் செய்ய வேண்டியது: தேதியின் நாளைத் தரும் கெட்டேட் (getDate) கொடுக்கும் எண்ணோடு 30-ஐக் கூட்டி, நாளை மாற்றும் செட்டேட்டிடம் (setDate) கொடுங்கள். ஜனவரி 45 என்று போனாலும் அதுவே பிப்ரவரி 14 ஆக்கிவிடும். ஆனால் செட்டேட் கையில் இருக்கும் தேதியையே மாற்றிவிடும். அதனால் முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளுக்கு 8,64,00,000 மில்லிசெகண்ட் என்று பெருக்கிக் கூட்டச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். இந்தியாவில் சோதித்தால் சரியாகவே வரும், அதுதான் ஆபத்து. நியூஜெர்சியில் ஒரு விடுதிக்கு முன்பதிவுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். 2024 மார்ச் 9 வருகை, 12 புறப்பாடு, மூன்று இரவு. பில் இரண்டு இரவுக்குத்தான் வந்தது. மார்ச் 10 அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாள், அதற்கு 23 மணி நேரம்தான். மொத்தம் 71 மணி. அதை 24-ஆல் வகுத்து, பின்னத்தை வெட்டிவிடும் மேத் ஃப்ளோர் போட்டால் 2. சென்னையில் என் மடிக்கணினியில் இந்தப் பிழை ஒருமுறைகூடத் தலைகாட்டவில்லை.

இடைப்பட்ட நாட்களை எண்ணும்போது இப்போது நான் இரண்டு தேதிகளின் ஆண்டு, மாதம், நாளைப் பிரித்து டேட் யூடிசியிடம் (Date.UTC) கொடுத்து, வரும் மில்லிசெகண்ட் எண்களைக் கழித்து, பிறகுதான் 8,64,00,000-ஆல் வகுக்கிறேன். யூடிசியில் கடிகாரத்தைத் தள்ளும் வழக்கம் இல்லை, ஜாவாஸ்கிரிப்டின் யூடிசி கணக்கில் எல்லா நாளும் ஒரே நீளம்.

மாதம் கூட்டுவது இன்னொரு தொல்லை. 2025 ஜனவரி 31-உடன் மாதத்தை மாற்றும் செட்மந்த் (setMonth) மூலம் ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 3 வரும், ஏனென்றால் பிப்ரவரி 31 கிடையாது. கூட்டிய பிறகு நாள் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் செட்டேட்டுக்கு 0 கொடுங்கள், பிப்ரவரி 28-க்குத் திரும்பிவிடும். அப்புறம், மாத எண் 0-வில் தொடங்குகிறது, ஜனவரிதான் 0.

டெம்பரல் என்ற புதிய வசதி 2025-இல் ஃபயர்ஃபாக்ஸில் வந்துவிட்டது. அதன் பிளெய்ன்டேட்டில் நேரமே கிடையாது, வெறும் தேதி மட்டும். அதே 2025 ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் நேராகப் பிப்ரவரி 28 தருகிறது. உங்கள் பயனர்களின் உலாவிகள் எல்லாவற்றிலும் அது இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.