வாரக் கடைசி வந்தால் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை... இது நோயா, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 27. ஈரோட்டில் தனியார் நிறுவனத்தில் வேலை. இரண்டு வாரம் சேர்ந்தாற்போல ஊரில் இருக்க முடியவில்லை. வெள்ளி இரவு வேலை முடிந்ததும் பைக்கில் வால்பாறை, கொல்லிமலை என்று கிளம்பிவிடுவேன். போகும் இடமெல்லாம் ஸ்டேட்டஸ் போடுவேன், திங்கட்கிழமை ஆபீஸில் இருப்பேன். போகாவிட்டால் எரிச்சல் எரிச்சலாக வருகிறது. ‘பயண ஜீன்’தான் காரணம் என்கிறான் நண்பன். அம்மாவோ மந்திரிக்கக் கூப்பிடுகிறார்.

பதில்: திங்கட்கிழமை ஆபீஸில் இருப்பேன் என்கிறீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. ஊர் சுற்றும் ஆசை நோய் இல்லை. ஜீன் கதையையும் விடுங்கள். டிஆர்டி4 என்ற மரபணுவுக்கும் புதுமை தேடும் குணத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1996-ல் ஆய்வுகள் வந்தன; பிறகு வந்த ஆய்வுகளில் அது உறுதிப்படவில்லை.

நோயாகவே இருந்தால் எப்படி இருக்கும்? பிரான்சின் போர்தோ நகரில் ஆல்பெர் தாதா என்று ஒரு கேஸ் கம்பெனித் தொழிலாளி இருந்தார். யாராவது ஓர் ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், போட்டது போட்டபடி நடக்க ஆரம்பித்துவிடுவார். மாஸ்கோ வரைக்கும் போயிருக்கிறார். அடையாளச் சீட்டு இல்லாமல் பிடிபட்டு, சிறையில் சுயநினைவு வரும்போது, வந்த வழி ஞாபகம் இருக்காது. பிலிப் திஸ்ஸியே என்ற மருத்துவர் 1887-ல் தன் ஆய்வேட்டில் இவரைப் பற்றி விரிவாக எழுதினார். இப்படி நினைவு தப்பிப் போவது மிக அரிது. ஸ்டேட்டஸ் போட்டுக்கொண்டே போகிற உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

நான் கேட்க விரும்புவது உங்கள் தூக்கத்தைப் பற்றி. இரண்டு மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பில்லை, பேச்சில் வேகம், தலைக்குள் திட்டத்துக்கு மேல் திட்டம், கடன் வாங்கியாவது செலவு... இப்படி நாலைந்து நாள் சேர்ந்தாற்போல இருந்தால், அது பைபோலார் என்ற, மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோயின் அறிகுறியாக இருக்கலாம். அந்த நாட்களில் உங்களுக்கு எல்லாம் பிரமாதமாக இருப்பதாகத்தான் தோன்றும். அதனால் அம்மாவைக் கேளுங்கள், அவர் கண்ணுக்குத் தப்பாது. ஆமாம் என்றால் மந்திரிக்க வேண்டாம், மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

அப்படி எதுவும் இல்லையென்றால் அந்த எரிச்சலைக் கொஞ்சம் கவனியுங்கள். பொங்கல் மாதிரி நீண்ட விடுமுறையில் வீட்டில் இருக்கும்போதும் வருகிறதா? அப்போது வரவில்லையென்றால் பிரச்சினை ஊரில் இல்லை, வேலையில்தான். அதற்கு வால்பாறை மருந்தாகாது.

உண்மையில் எனக்குப் பயம் தருவது அந்த வெள்ளி இரவுதான். பகல் முழுக்க உழைத்த உடம்பு, அதிகாலை இரண்டு மணிக்கு மேல் தானாகக் கண்ணை மூடும். 60 கி.மீ. வேகத்தில் மூன்று விநாடி கண் அயர்ந்தால் வண்டி 50 மீட்டர் தாண்டியிருக்கும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள்! டீ குடித்துச் சமாளித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். வெள்ளி இரவு நன்றாகத் தூங்கி, சனிக்கிழமை விடிந்த பிறகு வண்டியை எடுங்கள்.