வார்டிலிருந்து வகுப்பறைக்கு

வணக்கம் தம்பி. சேலத்தில் ஆறு வருஷம் நர்சிங் காலேஜில் டியூட்டராக இருந்தேன், இங்கிலாந்து வந்து பேண்ட் 5 என்ற ஆரம்பச் சம்பளப் படிநிலை நர்ஸாக மாத்திரை வண்டி தள்ளுகிறேன், படித்த எம்.எஸ்சி. வீண்தானா, பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுக்க வழி உண்டா என்று கேட்டிருந்தீர்கள்.

உண்டு. ஆனால் எடுத்த எடுப்பில் லெக்சரர் வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள். நான் போட்டுப் பார்த்து ஒரு வருஷத்தை விட்டவள். ஊரில் எடுத்த வகுப்பைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. இங்குள்ள மாணவர்களோடு என்ன செய்தாய் என்றுதான் துருவினார்கள்.

அதற்கான வழி உங்கள் வார்டிலேயே இருக்கிறது. இங்கே நர்சிங் பட்டப்படிப்புக்குக் குறைந்தது 4,600 மணி நேரம். அதில் பாதி செய்முறைப் பயிற்சி, பெரும்பாலும் நோயாளிகளோடு. 2018-ல் நர்ஸுகளைப் பதிவு செய்யும் அமைப்பான என்.எம்.சி. பழைய 'மென்டர்' முறையை மாற்றி, கூட இருந்து சொல்லிக்கொடுக்கும் பிராக்டிஸ் சூப்பர்வைசர், தேறினாரா என்று மதிப்பிடும் பிராக்டிஸ் அசெசர் என்று பிரித்தது. ஒரே மாணவருக்கு ஒருவரே இரண்டுமாக இருக்க முடியாது. சூப்பர்வைசராக ஆரம்பியுங்கள். அடுத்து வரும் மாணவரை என்னிடம் விடுங்கள் என்று மேனேஜரிடம் நீங்களே கேளுங்கள். கேட்காமல் தர மாட்டார்கள்.

நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வந்த முதல் மாணவி, ஊசி போடப் போகும்போது போட்ட ஊசியை எறியும் ஷார்ப்ஸ் பின் டப்பாவைக் கட்டிலருகே எடுத்து வர மறந்துவிட்டாள். நோயாளி எதிரிலேயே, நம் ஊர் டியூட்டர் குரலில், "இதுகூடத் தெரியாதா?" என்றேன். மறுநாள் பல்கலைக்கழகத்திலிருந்து போன். திட்டவில்லை. "அதிலிருந்து அவள் என்ன கற்றுக்கொண்டிருப்பாள்?" என்று மட்டும் கேட்டார்கள். எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. இங்கே பிள்ளைகள் நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், மருந்தின் அளவு ஏன் இது என்று எதிர்க்கேள்வி கேட்பார்கள். 'மேடம்' போன வருத்தம் தீர எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

அப்புறம் பல்கலைக்கழகத்தின் ஸ்கில்ஸ் லேப், ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு இவற்றுக்கு வார்டு நர்ஸுகளைக் கூப்பிடுவார்கள். போய் வாருங்கள், முகம் பழகும். மணிக்கணக்கில் வகுப்பெடுக்கவும் ஆள் எடுப்பதுண்டு. ஸ்கில்டு வொர்க்கர் விசா என்றால் கூடுதல் வேலைக்கு வாரம் 20 மணி நேரம்தான், அதற்கும் நிபந்தனைகள் உண்டு. எச்.ஆரிடம் அனுமதியை எழுத்தில் வாங்காமல் கை வைக்காதீர்கள்.

பிஎச்.டி. இல்லையே என்று தயங்க வேண்டாம். நர்சிங் துறைகள் பலவற்றில் மாஸ்டர்ஸோடு சேரலாம். கற்பித்தலுக்கான பி.ஜி.சர்ட் என்ற சான்றிதழ் படிப்பை, வேலையில் சேர்ந்த பிறகு, பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் செலவிலேயே முடிக்கச் சொல்வார்கள். அதோடு உயர்கல்வியில் கற்பிப்பவர்களுக்குத் தரும் அங்கீகாரமான அட்வான்ஸ் எச்.இ. ஃபெலோஷிப்பும் கிடைத்துவிட்டால் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவதும் சுலபம்.

சம்பளமா? நைட், ஞாயிறு அலவன்ஸ் போய்விடும். என் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்து வீட்டுக்காரர், "இதுக்கா இவ்வளவு பாடு?" என்றார்.