டாக்கோவைக் கையால் சாப்பிடலாமா?

கேள்வி: நண்பர்கள் என்னை ஒரு குட்டி மெக்சிகன் உணவகத்துக்குக் கூப்பிடுகிறார்கள். ஐந்தாறு மேசைதான் இருக்குமாம். நான் சைவம். மெனுவில் பாதிப் பெயர் வாயில் நுழையவில்லை. எதை நம்பிச் சாப்பிடுவது?

பதில்: பெயர்களைப் பார்த்து மிரளாதீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது டோர்ட்டியா என்கிற மெல்லிய ரொட்டிதான். அதை மடித்தால் டாக்கோ, சுருட்டி மேலே மிளகாய்ச் சாஸை ஊற்றினால் என்சிலாடா, உள்ளே சீஸ் வைத்துக் கல்லில் வாட்டினால் கேசடியா, பெரிய கோதுமை டோர்ட்டியாவில் பொட்டலம் மாதிரிக் கட்டினால் புரிட்டோ. நீங்கள் சந்தேகப்பட வேண்டியது பீன்ஸை. ஆமாம், பீன்ஸைத்தான்! அந்த மசித்த பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதுதான் பழைய வழக்கம், சிவப்புச் சோறும் பல சமையலறைகளில் கோழி வெந்த தண்ணீரில்தான் வேகும். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டு வராது, அவ்வளவுதான். பீன்ஸ் எதில் வதக்கியது, சோறு எதில் வெந்தது என்று கேட்டுவிடுங்கள். சின்ன இடத்தில் இதுதான் வசதி, சமைப்பவர் கூப்பிடு தூரத்திலேயே இருப்பார்.

கேள்வி: போன முறை சல்சா என்கிற காரச் சட்னியைத் தொட்டு ஒரு வாய் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தும் அடங்கவில்லையே?

பதில்: அடங்காது. காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது, தண்ணீர் அதை வாய் முழுக்கப் பரப்பிவிடும், அவ்வளவுதான். பாலோ புளித்த கிரீமோ கேளுங்கள், பாலில் உள்ள புரதம் அதைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம், மிளகாய்க்கு மிளகாய் எவ்வளவோ வித்தியாசம்: காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் ஹாலபீன்யோ 2,500 முதல் 8,000 வரை, ஹாபனேரோ ஒரு லட்சத்தைச் சாதாரணமாகத் தாண்டும். ஆரஞ்சு நிறத்தில், ரொம்பச் சின்னக் கிண்ணத்தில் ஏதாவது வந்தால் முதலில் விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். நான் ஒருமுறை கரண்டியால் எடுத்தேன்.

கேள்வி: சாப்பிடுவது அசல் மெக்சிகன்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டோர்ட்டியாச் சில்லு மேல் சீஸ் உருக்கித் தரும் நாச்சோஸ் எல்லாம் அமெரிக்கச் சரக்கு என்கிறார்களே?

பதில்: நாச்சோஸ் பிறந்தது மெக்சிகோவில்தான். 1940-களின் தொடக்கத்தில், எல்லையோர ஊரான பியெத்ராஸ் நெக்ராஸில், இக்னாசியோ அனாயா என்பவர் எல்லை தாண்டி வந்த அமெரிக்கப் பெண்களுக்காகக் கையில் கிடைத்ததை வைத்துச் செய்துகொடுத்தது அது. இக்னாசியோவைச் செல்லமாக நாச்சோ என்பார்கள், பெயர் அப்படி வந்தது. மொறுமொறு ஓட்டு டாக்கோ, மஞ்சள் சீஸ், தூக்கலான சீரகம் எல்லாம் டெக்சாஸ் பக்கத்துக் கைப்பக்குவம். அதுவும் நன்றாகத்தான் இருக்கும், கேவலமாகப் பேச வேண்டியதில்லை.

நான் பார்ப்பது மக்காச்சோள டோர்ட்டியாவை மட்டும். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவிட்டு, ஊறவைத்து, தோல் கழற்றி அரைப்பார்கள். அப்படி அரைத்தால்தான் மாவு ஒட்டும், சோளத்தில் இருக்கும் நியாசின் சத்தும் உடம்பில் சேரும். அந்த மாவில் அப்போதே தட்டிச் சுட்டது என்றால் மேசைக்கு வரும்போதே வாசனை சொல்லிவிடும். மடித்ததும் விரிசல் விட்டு உடைந்தால் அது நேற்றைய சரக்கு. மெனு எத்தனை பக்கம், சுவரில் எத்தனை தொப்பி மாட்டியிருக்கிறது என்பதையெல்லாம் நான் கணக்கில் எடுப்பதில்லை.

கேள்வி: டாக்கோவைக் கையால் சாப்பிடலாமா, முள்கரண்டி கேட்க வேண்டுமா?

பதில்: கையால்தான். தலையைச் சாய்த்துக் கடியுங்கள், டாக்கோவைச் சாய்த்தால் உள்ளே இருப்பதெல்லாம் மடியில் விழும்.