வெங்காயத்தில பச்சையே இல்ல, பிறகெப்பிடி அது தாவரக்கலம்?

கேள்வி: டீச்சர், நான் பதினோராம் ஆண்டு. லாப்ல பேர் ஒட்டாத ரெண்டு ஸ்லைட் வச்சி எது தாவரக்கலம் எது விலங்குக்கலம் எண்டு கேட்டாங்க. ஒண்டு மஞ்சள், மற்றது நீலம், ரெண்டிலயும் பச்சை இல்ல. இலைக்கு பச்சை நிறம் தாற பச்சையவுருமணி இல்லாதபடியா ரெண்டும் விலங்கு எண்டு எழுதினன். மஞ்சள் வெங்காயமாம், பிழை போட்டுட்டாங்க. பச்சை இல்லாம எப்பிடி கண்டுபிடிக்கிறது?
- மாணவி, உப்புவெளி

பதில்: மகள், உங்களில பிழை சொல்ல மாட்டன். தாவரம் எண்டா பச்சை எண்டுதான் சின்ன வகுப்பில இருந்து மனசில பதிய வச்சிருக்கிறம். ஆனா நீங்க பார்த்த மஞ்சளும் நீலமும் கலத்தின்ட நிறமே இல்ல, வெங்காயத்துக்கு அயடீன் விட்டது, கன்னத்துக்குள்ள சுரண்டி எடுத்த கலத்துக்கு மெதிலீன் நீலம் விட்டது, நிறத்தை வச்சி முடிவெடுக்கவே கூடாது. நாங்க உரிக்கிற வெங்காயம் மண்ணுக்குள்ள இருந்த பகுதி, வெளிச்சத்தை வச்சி உணவு செய்யிற பச்சையவுருமணிக்கு வெளிச்சம் படாத இடத்தில வேலை இல்ல. அதே செடியின்ட தாள் எப்பிடி பச்சையா இருக்கு, பார்த்திருப்பீங்க.

முதல்ல தேட வேண்டியது கலத்தைச் சுத்தி இருக்கிற சுவர். வெங்காயத் தோலில கலங்கள் செங்கல் அடுக்கின மாதிரி நீட்டு நீட்டா இருக்கும், ஒண்டோடொண்டு ஒட்டி, கோடு வெட்டினாப் போல. கன்னத்துக் கலம் அப்பிடி இல்ல, ஒழுங்கில்லாத தட்டையான வடிவம், ஓரம் மெல்லிசு, சிலது மடிஞ்சும் கிடக்கும், நடுவில கரு மட்டும் கடும் நீலமா தெரியும். வெங்காயத்தில நடுவை புன்வெற்றிடம் எண்ட சாறு நிறைஞ்ச பெரிய பை பிடிச்சிருக்கிறதால கரு ஓரத்துக்குத் தள்ளுப்பட்டிருக்கும், ஆனா மேல இருந்து பார்க்கேக்க சிலதில கரு நடுவில இருக்கிற மாதிரித்தான் தெரியும், அதைப் பார்த்து குழம்பிடாதீங்கோ, நுணுக்குக்காட்டியின்ட நுண் செப்பஞ்செய்யும் திருகை மெல்லமா திருப்பினா அது மேல் பக்கமோ கீழ் பக்கமோ ஒட்டிக்கொண்டு இருக்கிறது விளங்கும்.

இனி நான் சொல்லப்போறதை கட்டாயம் செய்து பாருங்கோ, நீங்க இருக்கிறது கடற்கரையில, ஒரு சின்னப் போத்தல்ல கடல் தண்ணி எடுத்துக்கொண்டு போகலாம். சிவப்பு பெரிய வெங்காயத்தில சதையின்ட வெளிப்பக்கம் இருக்கிற ஊதாத் தோலை துளி உரிச்சி, சாதாரண தண்ணி ஒரு சொட்டில வச்சி கவர் ஸ்லிப் எண்ட மெல்லிசுக் கண்ணாடியால மூடி, நூறு மடங்கில பாருங்கோ, ஒவ்வொரு கலமும் ஒரு பெட்டி மாதிரி, பெட்டி முழுக்க ஊதா. அந்த நிறம் இருக்கிறது புன்வெற்றிடத்துக்குள்ள. இப்ப கவர் ஸ்லிப்பின்ட ஒரு கரையில கடல் தண்ணி ஒரு சொட்டு விட்டு, மற்றக் கரையில டிஷ்யூ துண்டை வச்சி இழுங்கோ, கண்ணை எடுக்காமப் பாருங்கோ. கொஞ்ச நேரத்தில ஊதா மூலையில இருந்து விலகி, சுருங்கிச் சுருங்கி உள்ளுக்க ஒரு உருண்டையா நிக்கும், ஆனா வெளியில பெட்டி அப்பிடியே இருக்கும்! அந்த அசையாத பெட்டிதான் மகள் கலச்சுவர், சுருங்கிப் போனது சுவருக்கு உள்பக்கம் இருக்கிற மென்சவ்வும் அதுக்குள்ள இருந்ததும். பிரசாரணத்தால, அதாவது மென்சவ்வுக்குள்ளால உப்புக் கூடின பக்கத்துக்கு தண்ணி போறதால, தண்ணி வெளியேறினது, புத்தகத்தில முதலுருச்சுருக்கம் எண்டு இருக்கே, அது இதுதான். திருப்பி நல்ல தண்ணி விட்டா ஊதா மெல்ல விரியும். இருபது வருசமா பிள்ளைகளுக்கு காட்டுறன், ஒவ்வொரு முறையும் நானும் குனிஞ்சி பார்க்காம விட்டதில்ல.

விலங்குக்கலத்துக்கு அந்தப் பெட்டி இல்ல. அதாலதான் ஆஸ்பத்திரியில ஏத்துற சேலைன் 0.9 வீதம் உப்போட இருக்கு, வெறும் தண்ணி இரத்தத்துக்குள்ள போனா செங்குழியங்கள் ஊதி வெடிக்கும், கடல் தண்ணி மாதிரி 3.5 வீதம் உப்பு எண்டா சுருங்கிப் போகும். வெங்காயக் கலம் நல்ல தண்ணியில எவ்வளவு நேரம் கிடந்தாலும் வெடிக்காது, சுவர் தாங்கும்.

ஒண்டு மட்டும், சுவர் இருந்தா எல்லாம் தாவரம் எண்டும் எழுதிடாதீங்கோ. பாண்ல பிடிக்கிற பூஞ்சணத்துக்கும் சுவர் இருக்கு, அது தாவரச் சுவர் மாதிரி செலுலோசு இல்ல, கைற்றின் எண்ட வேற பொருள். பச்சையைத்தான் பார்க்க ஆசை எண்டா மீன் தொட்டிக்கு விக்கிற ஐதரில்லாவில ஒரு இலை போதும், ரெண்டு கலப்படைதான் தடிப்பு, வெட்டவே தேவையில்ல, பச்சை மணிகள் சுவரோரமா ஊர்ந்து போறதும் தெரியும்.

கேள்வி: மகன் கன்னத்துக் கலம் எண்டு தடிச்ச கறுப்பு விளிம்போட வட்டம் வட்டமா கீறி வச்சிருக்கிறான். சரியா டீச்சர்?
- ஒரு தாய், மூதூர்

பதில்: அது காற்றுக் குமிழி அம்மா. நல்ல வட்டமா, விளிம்பு கறுப்பா, உள்ளுக்க கருவே இல்லாம இருந்தா குமிழிதான். கவர் ஸ்லிப்பை ஒரேயடியா போடாம, ஒரு கரையை முதல்ல தண்ணியில முட்ட வச்சி ஊசியால தாங்கி மெல்லமா சாய்க்கச் சொல்லுங்கோ. கன்னத்துக்குள்ள சுரண்டுற பல்லுக்குச்சியும் ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசா இருக்கவேணும், ஒருத்தர் வாயில வச்சதை மற்றவர் வைக்கக் கூடாது.