சமூகப்பணிக் கல்விக்கான தேசியச் சங்கத்தின் தலைவரால் என்னதான் செய்ய முடியும்?

கேள்வி: சமூகப்பணிக் கல்லூரிகளுக்கான தேசியச் சங்கங்களுக்குத் தலைவர், செயலாளர் என்று தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களுக்கு உண்மையில் அதிகாரம் உண்டா? மாநாடு நடத்துவதைத் தவிர அவர்களால் என்ன செய்ய முடியும்?

சட்டம் கொடுத்த அதிகாரம் எதுவும் கிடையாது. ஆனால் களப்பணி என்ற ஒன்றை மட்டும் அந்தத் தலைவர் விடாமல் பிடித்துக்கொண்டால், வேறு யாராலும் ஆகாத ஒரு காரியம் அவரால் ஆகும் என்று உறுதியாக நம்புகிறேன். நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலை, மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன், அவர்களுடைய களப்பணியை மேற்பார்வை செய்கிறேன். சங்கப் பதவி எதிலும் இல்லை. வகுப்பறையிலும் மலையேறும் பேருந்திலும் பார்த்ததை வைத்துத்தான் இந்தப் பதில்.

முதலில் அதிகாரம் பற்றி. வழக்கறிஞர்களுக்கு 1961 சட்டப்படி பார் கவுன்சில் இருக்கிறது. செவிலியர்களுக்கு 1947 சட்டப்படி நர்சிங் கவுன்சில் வந்தது. பி.எட். கல்லூரிகளைப் பார்க்க 1993 சட்டப்படி ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சில், என்.சி.டி.இ. சமூகப்பணிக்கு அப்படி எதுவும் இல்லை. நம் நாட்டில் இந்தப் படிப்பு 1936-ல் பம்பாயில் டாடா பெயரிலான பள்ளியோடு தொடங்கியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் 1952-ல் வந்தது. இத்தனை காலம் ஆகியும் தொழிலுக்கென்று தனிக் கவுன்சில் கிடையாது. 1993-ல் ஒரு தேசியக் கவுன்சிலுக்கான மசோதா வரைவு தயாரானது, ஆனால் சட்டமாகவில்லை. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான ஆணையச் சட்டத்தின் பட்டியலில் மருத்துவ, மனநலச் சமூகப்பணியாளர்கள் இடம்பெற்றார்கள். அது மருத்துவமனைப் பக்கம் மட்டும்தான். யு.ஜி.சி. 2001-ல் பாடத்திட்டம் ஒன்று தந்தது. அதுவும் மாதிரிதான், கட்டாயம் அல்ல.

ஆக, ஒரு கல்லூரி எம்.எஸ்.டபிள்யூ. தொடங்கும்போது பல்கலைக்கழகத்திலிருந்து வந்து நூலகம், அறை, ஆசிரியர் எண்ணிக்கை எல்லாம் பார்ப்பார்கள். மாணவர் களத்தில் என்ன கற்றுக்கொள்கிறார் என்று சமூகப்பணிக்கென்றே தனியாக வந்து பார்க்கும் அமைப்பு இல்லை. சங்கம் நுழைய வேண்டிய இடம் இதுதான்.

களப்பணி என்றால் என்ன என்று வெளியில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வழக்கமாக வாரத்தில் 2 நாள் மாணவர்கள் மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், பஞ்சாயத்து, தொழிற்சாலை என்று போய் வேலை கற்கிறார்கள். போய்வந்து ரிப்போர்ட் எழுத வேண்டும், மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டு உட்காரவைத்துப் பேச வேண்டும். அந்தப் பேச்சில்தான் படிப்பே இருக்கிறது. பெண் சிசுக்கொலைக்கு எதிராகத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் தொடங்கியது எங்கள் சேலம் மாவட்டத்தில்தான். மூன்றாவதும் பெண்ணாகப் பெற்ற ஒரு தாயிடம், இருபத்திரண்டு வயது மாணவி முதல்முறை பேசிவிட்டு வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் மனதில் கோபம், பயம், பரிதாபம் எல்லாம் கலந்து கிடக்கும். அந்த வாரமே ஒருவர் அவளோடு பொறுமையாகப் பேசினால் அவள் சமூகப்பணியாளர் ஆகிறாள். யாரும் பேசவில்லை என்றால், அடுத்த முறை அந்த வீட்டுப் பக்கம் போகாமல் வேறு வீட்டுக்குப் போய்விடுவாள்.

ஏற்காட்டு மலையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நவம்பர் வாக்கில் காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கினால் பொங்கல் தாண்டியும் நடக்கும். நாகலூர், செம்மநத்தம் பக்கத்து ஊர்களில் காலையிலேயே ஆட்கள் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். மாணவர்கள் சேலத்திலிருந்து பேருந்து பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஊருக்குள் நடந்து போய்ச் சேரும்போது திண்ணையில் வயதானவர்களும் கைக்குழந்தைகளும்தான் இருப்பார்கள். பதிவேட்டில் களப்பணி நேரம் காலை 10 முதல் மாலை 5 வரை. ஊர் திரும்புவதோ ஐந்து மணிக்கு மேல். அப்போது நம் பிள்ளைகள் கீழே இறங்கும் பேருந்துக்கு நிற்பார்கள்.

இதைச் சரிசெய்வது கஷ்டமே இல்லை. அறுவடைக் காலத்தில் வாரம் 2 நாள் என்பதை விட்டுவிட்டு, சேர்ந்தாற்போல் சில நாட்கள் மேலேயே தங்கவைக்கலாம். சாயங்காலம் மக்கள் கூடும் இடத்தில் உட்காரலாம், தோட்டத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேசலாம். அப்போதுதான் மாணவர் சரியான கேள்விக்கு வருவார்: அம்மா பழம் பறிக்கும்போது குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையில் சிறு தோட்டங்கள் நிறைய, அங்கெல்லாம் அந்த எண்ணிக்கை எட்டாது. அப்படியானால் அங்கன்வாடி நேரத்தை மாற்றச் சொல்லலாமா, பஞ்சாயத்தில் பேசலாமா? ஊர் மக்களை ஒன்றுசேர்த்து அவர்கள் பிரச்சினையை அவர்களே தீர்க்கவைப்பதைச் சொல்லித்தரும் ‘சமுதாய அமைப்பு’ என்ற பாடம் இந்த இடத்தில்தான் உயிர் பெறுகிறது.

ஆனால் தங்குவதற்குப் பணம் வேண்டும். ஆசிரியரும் கூடப் போக வேண்டும், அந்த நாட்களை வேலை நாளாகக் கணக்கில் எடுக்க வேண்டும். பல நிர்வாகங்கள் களப்பணி நாளை ஆசிரியருக்கு ‘ஃப்ரீ’ என்று நினைத்து வேறு வகுப்பை அதில் போட்டுவிடுகின்றன. வெளித்தேர்வாளராக ஒரு கல்லூரிக்குப் போனபோது, பல மாணவர்களின் ரிப்போர்ட்டில் அதே பத்திகள், ஊர்ப் பெயர் மட்டும் வேறாக இருந்ததைப் பார்த்தேன். மாணவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்களை யாரும் கூட்டிக்கொண்டு போகவே இல்லை. அங்கே இருந்த இளம் ஆசிரியரிடம் பேசினேன், அவராலும் நிர்வாகத்தை எதிர்த்துத் தனியாக நிற்க முடியாது. அவர் கையில் காட்ட ஒரு தேசிய அளவுகோல் இருந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

சரி, அதைச் சங்கம் செய்ய முடியுமா? அமெரிக்காவில் செய்தார்கள். அங்கே சமூகப்பணிக் கல்விக்கான கவுன்சில், சி.எஸ்.டபிள்யூ.இ., அரசுத் துறை அல்ல, கல்லூரிகளும் ஆசிரியர்களும் சேர்ந்த சங்கம்தான். அதன் அங்கீகாரம் பெற இளங்கலைக்குக் குறைந்தது 400 மணி நேரம், முதுகலைக்கு 900 மணி நேரம் களப்பணி கட்டாயம். இந்த நிலைக்கு அவர்கள் சுலபமாக வந்துவிடவில்லை. முன்பிருந்த பழைய சங்கம், இரண்டாண்டு முதுகலைப் படிப்பை மட்டுமே ஏற்போம் என்று 1937-ல் முடிவெடுத்தது. இளங்கலை நடத்திவந்த மாநிலப் பல்கலைக்கழகங்கள் கோபித்துக்கொண்டு 1942-ல் தனிச் சங்கம் கண்டன. இரண்டு சங்கம், இரண்டு தரம் என்று பல ஆண்டுகள் இழுபறி. 1951-ல் ஹாலிஸ், டெய்லர் இருவரும் தந்த ஆய்வறிக்கைக்குப் பிறகு 1952-ல் இரண்டும் சேர்ந்து இப்போதைய கவுன்சில் ஆனது.

இந்தக் கதையை நம் ஊர்த் தலைவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பேன். மும்பை, டெல்லி நிறுவனங்களின் வசதியை அளவாக வைத்து விதி எழுதினால், சேலம், தர்மபுரி, நாமக்கல்லில் இருக்கும் சுயநிதிக் கல்லூரிகள் விலகிப் போய்விடும். எல்லாரையும் திருப்திப்படுத்த எழுதினால் விதி இருந்தும் பயனில்லை. என் கருத்து இது: மணி நேரமும் மேற்பார்வையும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். எங்கே, எப்போது, யாரோடு என்பதை அந்தந்த ஊர் முடிவு செய்யட்டும். இங்கே சிவதாபுரம் பக்கம் வீட்டுக்கு வீடு வெள்ளிக் கொலுசு வேலை நடக்கிறது, அதற்கு ஒரு நேரம். மலைக்கு வேறு நேரம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் நாட்டில் 1960-ஐ ஒட்டி உருவான சமூகப்பணிப் பள்ளிகளின் சங்கத்தில் கல்லூரிகளே உறுப்பினர்கள். பாடத்திட்டம், ஆசிரியர் பயிற்சி என்று அது நல்ல வேலை செய்தது, பின்னாளில் ஓய்ந்துபோனது. 2005-ல் டெல்லியில் தொடங்கிய நாப்ஸ்வி என்ற தொழில்முறைச் சமூகப்பணியாளர்களின் தேசியச் சங்கத்தில் தனிநபர்கள் உறுப்பினர்கள். கல்லூரிகளே சந்தா கட்டும் சங்கத்தில், சந்தா கட்டுகிறவரையே தரம் பார்த்துக் குறை சொல்ல வேண்டி வரும். அதனால்தான் அமெரிக்கக் கவுன்சில் அங்கீகாரம் தரும் குழுவைச் சங்க நிர்வாகத்திலிருந்து பிரித்து வைத்திருக்கிறது. தலைவராக வருபவர் முதல் ஆண்டிலேயே இந்தப் பிரிவினையைச் செய்துவிட வேண்டும். தாமதித்தால் நட்பும் தயவும் குறுக்கே வந்துவிடும்.

தலைமை என்றதும் எனக்கு ஆலிஸ் சாலமன் நினைவு வரும். 1908-ல் பெர்லினில் பெண்களுக்கான சமூகப்பணிப் பள்ளி தொடங்கியவர், பிறகு பள்ளிகளின் சர்வதேசக் குழுவுக்கு முதல் தலைவர். யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் நாஜி அரசு 1937-ல் அவரை நாட்டைவிட்டே வெளியேற்றியது. அவர் தலைமை ஏற்ற குழுதான் இன்றைய சர்வதேசச் சங்கம். அதுவும் சர்வதேசச் சமூகப்பணியாளர் கூட்டமைப்பும் சேர்ந்து கல்விக்கான உலகத் தரவிதிகளை 2004-ல் வெளியிட்டு 2020-ல் புதுப்பித்தன. அவையும் யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் மேலே சொன்ன இளம் ஆசிரியர் நிர்வாகத்திடம் எடுத்துக் காட்டலாம்.

கடைசியாக, அரசோடு பேசும் வேலை. 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, சிறார் மீதான குற்ற வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு நடுவரும் 2 சமூகப்பணியாளர்களும் இருக்க வேண்டும். அந்த இருவருக்கான தகுதி என்ன தெரியுமா? குழந்தைகள் சார்ந்த பணியில் 7 ஆண்டு ஈடுபாடு, அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவராக இருக்க வேண்டும். சமூகப்பணிப் பட்டம் அந்தப் பட்டியலில் இல்லை! குழந்தைகள் நலக் குழுவுக்கான பட்டியலில் மட்டும் இருக்கிறது. இப்படிப்பட்ட ஒரு விடுபடலை எடுத்துக்கொண்டு அமைச்சகத்துக்கு மனு கொடுத்து, எம்.பி.க்களைப் பார்த்து, திருத்தம் வரும்வரை துரத்துவது ஒரு தனிக் கல்லூரியால் ஆகாது. சங்கத் தலைவர் செய்யலாம், செய்ய வேண்டும்.

நீங்கள் மாணவரா ஆசிரியரா தெரியவில்லை. யாராக இருந்தாலும், உங்கள் கல்லூரி ஏதாவது சங்கத்தில் உறுப்பினரா, பொதுக்குழுவுக்கு யார் போகிறார் என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள். அடுத்த தேர்தலில் நிற்பவர்களிடம், களப்பணி மேற்பார்வைக்கு ஆசிரியருக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கச் சொல்வீர்கள், மாணவரின் பேருந்துச் செலவை யார் ஏற்க வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள்.