தாளம் மட்டும் ஓடுது, கோட் வரவில்லை (முல்லைத்தீவு)

கோட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), பேஸ் (அடித்தொனி) இரண்டையும் தாளத்தோடு சேர்க்கும் ஏசிஎம்பி பொத்தான் அணைந்திருக்கிறது, அதனால்தான் தாளம் மட்டும் கேட்கிறது. உங்கள் யமஹா பீஎஸ்ஆர்-ஈ கீபோட்டில் அந்தப் பொத்தானை அழுத்தி, இடக்கையால் சீ கட்டையை மட்டும் தொட்டுப் பாருங்கள். பேஸ் சேர்ந்து வந்தால் சரி. அதோடு இடப்பக்கம் கிட்ட உள்ள கறுப்புக் கட்டையையும் பிடித்தால் சீ மைனர்.

வற்றாப்பளைப் பொங்கல் பாட்டில் புல்லாங்குழலின் கீழ்ச் சுரங்கள் காணாமற்போகின்றன என்றீர்களே, அதற்குக் கட்டைகளை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட் பொயின்ட்தான் காரணம். அந்த இடத்துக்கு இடப்பக்கம் எல்லாம் கோட் பகுதியாகிவிடும். வலக்கையை ஒரு ஒக்டேவ் (ஸ்தாயி) மேலே வாசித்து, மெயின் வொய்ஸ் (வலக்கை வாசிக்கும் ஒலி) ஒக்டேவை -1 ஆக்குங்கள். எனக்கு இதுதான் பிடித்த வழி. இடக்கைக்கும் இடம் கிடைக்கும்.

ஒன்று: கோயிலில் கரண்ட் போனால் இந்த அமைப்புகள் அழிந்துவிடலாம். அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரேஷன் மெமரி இருந்தால் முதல்நாளே அதில் பதிந்து வையுங்கள்.